மாவாட்டும்போது மட்டும் பறக்கிற நெட்

வாங்க தம்பி, வாங்க. ஏன் வாசல்லயே நின்னுட்டீங்க? அந்தச் சேர இழுத்துப் போட்டு உக்காருங்க. மாடிக்குக் குடிவந்து வாரமாகப் போகுது, கீழ எட்டிக்கூடப் பாக்கலியேன்னு காத்தால கூட என்ற சம்சாரங்கிட்டச் சொல்லிட்டிருந்தேன். மத்தியானம் சாப்பிட்டுப்போட்டு, மோட்டாரப் போட்டுட்டு, பேப்பரோட சாஞ்சனுங்க, கண்ணு சொக்கிருச்சு. நீங்க கூப்பிட்டுத்தான் முழிச்சேன். இருங்க, இருங்க, நீங்க ஒண்ணுஞ் சொல்ல வேண்டாம். எதுக்கு வந்தீங்கன்னு மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. வைஃபை பாஸ்வேர்டுதானுங்களே?

குடுக்கறனுங்க, குடுக்காம என்ன. வாடகைக்கு உடறப்பவே நெட்டு சேத்திதான்னு சொல்லித்தான உட்டேன். ஆனா அதுக்கு முன்னாடி ஒரு சேதி சொல்லிப்போடறேன். இந்த ஊட்டுல ரெண்டு விதமான வைஃபை டப்பா இருக்குது. எத எப்ப ஆன் பண்ணுவேன், ஏன் பண்ணுவேன்னு தெரியாமப் போச்சுன்னா, ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நீங்க மேல இருந்து "என்னங்க, நெட்டு இழுக்குது"ன்னு எறங்கி வருவீங்க. பொறகு எனக்குத்தான் சங்கடம்.

நானு மில்லுல மெயின்டனன்ஸ் ஃபோர்மேனா இருந்தவனுங்க. தெய்வசிகாமணின்னு கேட்டா இந்த ஏரியாவுல பழைய ஆளுக இன்னும் சொல்லுவாங்க. மிசினுப் பக்கத்துல சும்மா நடந்து போனாப் போதும், சத்தத்த வெச்சே எந்த பேரிங் போகப் போகுதுன்னு சொல்லிப்போடுவேன். காது அப்படி. அந்தத் திமிருதானுங்க எல்லாத்துக்கும் காரணம். இத்தன பெரிய மிசினையே பாத்தவனுக்கு இந்தத் துளியூண்டு டப்பா என்ன பெரிசுன்னு நெனச்சுப்போட்டேன்.

எங்களுக்கு ஒரே புள்ளைங்க. இந்துமதி. ஐதராபாத்துல இருக்கறா, பேங்க் ஆபீசர் வேலைக்குன்னு போனவ. அந்தப் பரிச்சைக்கு நான் கூட உக்காந்து படிக்க வெச்சேன்னா பாத்துக்குங்க. ஞாயித்துக்கிழமையானா சாயங்காலம் வீடியோ கால் வருவா. வாரம் பூரா நான் அதுக்குத்தான் காத்துட்டிருப்பேன். நான் ஒண்ணும் பெரிசாப் பேச மாட்டனுங்க. சாப்பிட்டியா, அந்த ஊருத் தண்ணி ஒத்துக்குதா, ப்ரமோஷன் பரிச்சைக்குப் படிக்கிறியா, மேனேஜர்கிட்ட எப்படி நடந்துக்கோணும், வண்டிக்கு இன்சூரன்ஸ் எப்ப முடியுது, பொழுதுபோயி ராத்திரிக்குத் தயிர் சாப்பிடாத, என்ற காலத்துல மில்லுல ப்ரமோஷன் எப்படிக் குடுத்தாங்க, உன்ற கூடப் படிச்சவ எந்தப் பிராஞ்சுக்குப் போயிட்டா. அவ்வளவுதான். வேற ஒண்ணும் இல்ல.

பேசிட்டிருக்கறப்பவே படம் நின்னு போயிருமுங்க. வாயி பாதி தெறந்தாப்புல, கண்ணு ஒரு பக்கமாப் பாத்தாப்புல அப்படியே நிப்பா. நான் "கண்ணு, கேக்குதா? தெரியுதா?"ன்னு கத்துவேன். கட்டாயிரும். சித்த நேரங் கழிச்சு மெசேஜ் வரும், அப்பா அங்க நெட் சரியில்ல, அடுத்த வாரம் பேசலாம்னு. எங்கூட்டுக்காரி ருக்குமணி இருக்கறா பாருங்க, அவ தெனமும் மத்தியானம் வெங்காயம் உரிச்சுட்டே சாதா கால்ல மககூட ஒரு மணி நேரம் பேசுவா. மூஞ்சியப் பாக்காம அதென்ன பேச்சோ. "ம்", "அப்புறம்", "சரி சாமி", இதத் தவுர அவ வாயில ஒரு வார்த்த வராது. பேசவே தெரியாதுங்க அவளுக்கு.

ஒரு ஞாயித்துக்கிழமை என்னாச்சுன்னா, வந்ததும் வராததுமா எம்மக சொன்னா, "அப்பா, உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும்"னு. குரலே ஒரு மாதிரியா இருந்துச்சு. நான், "சொல்லு கண்ணு, அதுக்கு முன்னாடி ஒண்ணு, ப்ரமோஷன் பரிச்சைக்குத் தேதி போட்டுட்டாங்களாமே"ன்னேன். அவ்வளவுதானுங்க. படம் நின்னு போச்சு. என்ன விஷயமா இருக்கும்? ஒடம்புக்கு ஏதாச்சுமா? யாராச்சும் பையனா? ஆபீசுல ஏதாச்சும் வில்லங்கமா? ருக்குமணியக் கேட்டா, "அவளே உங்ககிட்டச் சொல்லுவா, கேளுங்க"ன்னு கருவேப்பலைய உருவிட்டே போயிட்டா. எப்படிக் கேக்கறது? கேக்கறதுக்கு நெட்டு வேணுமில்லீங்க?

மழ வர்றாப்புல இருக்குதுங்களா? என்னமோ சலசலங்குது. காத்தா இருக்கும். ஏன் தம்பி நெளியறீங்க? கொசுவா? அந்த ஃபேன ஒரு பாயிண்டு கூட்டி வெச்சுக்குங்க. ஆ, எங்க உட்டேன்?

அடுத்த நாளே கடைக்குப் போயி நல்லதாக் குடுன்னேன். மெஷ்ஷுன்னு ஒண்ணு குடுத்தான். வெள்ளவெளேர்னு மூணு டப்பா. ஊடு பூராத்துக்கும் கை கோத்துட்டு நிக்குமாம், எந்த ரூமுக்குப் போனாலும் நெட்டு கூடவே வருமாம். மாட்டறதுக்கு வந்த பையன் எல்லாத்தையும் மாட்டிப்போட்டு, பேரு என்ன வெக்கறதுன்னு கேட்டான். பழைய பேரே வையி, பழைய பாஸ்வேர்டே போடு, எதுக்குப் புதுசா மனப்பாடம் பண்ணிட்டுன்னேன். அவன் போறப்ப, அந்தப் பழச எடுத்து வெச்சிருங்கன்னு சொன்னானுங்க. சொல்லலைன்னு சொல்ல மாட்டேன். சரி சரின்னேன். நல்லா ஓடிட்டிருக்கற பொருள எவனாச்சும் மூலையில போடுவானா? என்ற கையில வயரு இருந்துச்சு, டேப்பு இருந்துச்சு. ரெண்டு எடத்துல ஒட்டுப்போட்டு, ஹால்ல கம்பெனி லைன் வர்ற எடத்துல இருந்து சமையக்கட்டு வரைக்கும் இழுத்து, பழைய டப்பாவ அரிசி ட்ரம்முக்கு மேல உக்கார வெச்சுட்டேன். ருக்குமணி சமைக்கறப்ப நாடகம் பாத்துக்கட்டும், அதும் பாட்டுக்கு அது ஓடட்டும்னு.

ஆச்சுங்களா. புது டப்பாவுக்குச் சந்தனம் வெச்சு, குங்குமம் வெச்சு, சூடமும் காட்டி ஞாயித்துக்கிழமைக்குக் காத்துட்டிருந்தேன். எம்மக வந்தா. "அப்பா"ன்னா. நின்னுட்டா. முன்னாடியாச்சும் சித்த நேரம் ஓடும், இப்ப வந்ததும் நின்னுட்டா. எனக்கு வந்துச்சே கோவம்.

அன்னிக்குப் புடிச்சு ஊட்டையே பொரட்டிப்போட்டனுங்க. ஹால் டப்பா ஷோகேசுக்குள்ள எவர்சில்வர் டம்ளருக்கு நடுவுல இருந்துச்சு, அத எடுத்து டிவி மேல வெச்சேன். பெட்ரூம் டப்பாவ பீரோவுக்குள்ள வெச்சிருந்தேன், தூசி படும்னு. அத எடுத்து பீரோ மேல வெச்சேன். ஒருவேள சந்தனம் லைட்ட மறைக்குதோன்னு அதையும் தொடச்சேன். ருக்குமணி கையில போனக் குடுத்து, சாமி ரூமுல நில்லு, வாசல்ல நில்லு, பாத்ரூமுக்கு முன்னாடி நில்லுன்னு ஊடு பூரா நடக்க வெச்சேன். ஸ்பீடு பாக்கற ஆப்பு ஒண்ணு இருக்குது, முள்ளு சுத்தும், அந்த முள்ளு எங்கூட்டுல எந்திரிக்கவே மாட்டேங்குது. கம்பெனிக்குப் போன் போட்டு அந்தப் புள்ளைய வாங்கு வாங்குன்னு வாங்கினேன். அது பாவம், "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்"ங்கறதத் தவுர வேற ஒண்ணும் சொல்லல. ப்ளானக் கூட்டினேன். பக்கத்தூட்டு மாமரம் மறைக்குதுன்னு அந்த ஊட்டுக்காரர்கிட்டயும் போயி நின்னனுங்க. அவரு என்னைய ஏற எறங்கப் பாத்தாரு. இப்ப வரைக்கும் பேசறதில்ல.

இத்தனைக்கும் நடுவுல ஒரு கூத்து நடந்துச்சு. ஒரு நா சாயங்காலம் சமையக்கட்டுப் பக்கத்துல சாப்பாட்டு மேசையில உக்காந்து சும்மா அந்த முள்ளப் பாத்துட்டிருக்கேன், கிடுகிடுன்னு மேல ஏறுது! எந்திரிச்சுட்டேன். நான் ஒண்ணும் பண்ணல, டப்பாவ நகத்தல. கொஞ்ச நேரத்துல படுத்துருச்சு. மறுபடி ரெண்டு நா கழிச்சு, அதே மாதிரி ஏறுது. அப்பத்தான் என்ற காது வேல செஞ்சுச்சு. உள்ள கிரைண்டர் ஓடற சத்தம். ருக்குமணி இட்லிக்கு மாவாட்டிட்டிருக்கறா. கிரைண்டர் ஓடறப்ப நெட்டு பறக்குது, நின்னா நெட்டு படுத்துக்குது! நான் விட்டுருவனுங்களா? சோதன பண்ணிப் பாத்தேன். ஒவ்வொரு தடவையும் அதேதான்.

சிரிக்காதீங்க தம்பி. சிரிக்கலாம், பரவால்ல. மில்லுல மோட்டார் பக்கத்துல ரேடியோ வெச்சா இரையும், அது தெரியும். அதே மாதிரி கல்லு சுத்தறப்ப காத்துல ஏதோ ஒரு இழுப்பு உண்டாகுது, அது சிக்னல இழுத்துட்டு வருதுன்னு நானா முடிவு பண்ணிட்டேன். கம்பெனிக்குப் போன் பண்ணி அந்தப் புள்ளைகிட்டயும் இத விலாவாரியாச் சொன்னேன். பொறகு லைன்ல இருங்க சார்னு சொல்லிப் பாட்டுப் போட்டுட்டா.

அந்த ஞாயித்துக்கிழமை ருக்குமணிகிட்ட, அம்முணி, மக கால் வர்ற நேரத்துக்கு நீ கிரைண்டரப் போட்டுருன்னேன். எதைய ஆட்டறது, நேத்துத்தான ஆட்டினேன்னா. அரிசி எதுக்கு, வெறுங் கல்லச் சுத்த உடுன்னேன். அவ என்னைய ஒரு பார்வ பாத்தா பாருங்க. கல்யாணத்தன்னிக்குக் கூட அப்படிப் பாக்கல. ஆனாலும் போட்டா. கல்லு கடகடகடன்னு ஓடுது, இந்து வர்றா, படம் கண்ணாடி மாதிரி தெரியுது, ஆனா ஒரு எழவும் கேக்கல! "என்னப்பா சத்தம்?"ங்கறா அவ. "நெட்டு கண்ணு, நெட்டு!"ங்கறன் நான். அவ வாயில கையி வெச்சு என்னமோ சொல்றா. சிரிக்கறாளா அழுகறாளா ஒண்ணுந் தெரியல.

ருக்குமணி பொறுத்துப் பொறுத்துப் பாத்தா. கிரைண்டர நிப்பாட்டிட்டு வந்து இடுப்புல கையி வெச்சுட்டு நின்னா. "ஏனுங்க, சமையக்கட்டுல இருக்கறது ஒரே பிளக்கு. நான் அந்தப் பழைய டப்பாவப் புடுங்கிட்டுத்தான் கிரைண்டரச் சொருகறேன். பொறகு கிரைண்டரப் புடுங்கிட்டு டப்பாவச் சொருகறேன். இது கூடத் தெரியாதா?"ன்னா.

நான் மேசையப் புடிச்சுட்டு உக்காந்துட்டனுங்க. ரெண்டுக்கும் ஒரே பேரு, ஒரே பாஸ்வேர்டு. போனுக்கென்ன தெரியும், பழகின பழைய டப்பாவையே புடிச்சுட்டுத் தொங்கிட்டிருந்திருக்குது. அதுக்குப் போற வயருல ஒட்டுப்போட்டவன் யாரு? நாந்தான். எடுத்து வையின்னு சொன்னத எடுத்து வெக்காதவன் யாரு? அதும் நாந்தான். பக்கத்தூட்டு மாமரத்து மேல பழி போட்டேன். மகாராஜா மாதிரி மூணு டப்பா ஊட்டுக்குள்ள நிக்குது, நானும் என்ற போனும் அரிசி ட்ரம்முக்குத்தான் கும்புடு போட்டுட்டு இருந்திருக்கறோம்.

பழசத் துணியில சுத்தி பீரோவுக்குள்ள வெச்சேன். முள்ளு எந்திரிச்சு நின்னுச்சு. அடுத்த ஞாயித்துக்கிழமை வந்துச்சு. எம்மக வந்தா பாருங்க, எதுத்தாப்புல உக்காந்திருக்கற மாதிரி. பின்னாடி அவ ஊட்டு வாஷிங் மிசின், கண்ணாடிக் கதவு போட்டது, துணி சுத்தறது கூடத் தெரியுது. மஞ்சத் துண்டு ஒண்ணு மேல வருது, கீழ போகுது. எனக்கு இருந்த சந்தோசத்துக்கு அளவில்லீங்க. கிரைண்டர் கதைய முழுசாச் சொன்னேன். மாமரத்துக் கதையச் சொன்னேன். அவ "அப்பா, நான் அன்னிக்கே சொல்லணும்னு"ன்னு ஆரம்பிச்சா. சொல்லு கண்ணு, இப்பத்தான் நெட்டு இருக்குதே, அந்தப் பரிச்சைக்குப் பணம் கட்டிட்டியா, கட்டலைன்னா அபராதம் போடுவாங்களேன்னேன்.

நின்னுட்டா. வாயி பாதி தெறந்தாப்புல, கண்ணு ஒரு பக்கமாப் பாத்தாப்புல.

நான் கத்தறதுக்கு வாயத் தெறந்தேன். பின்னாடி பாத்தேன். மஞ்சத் துண்டு மேல வருது, கீழ போகுது.

படம் நின்னா மிசினும் நிக்கோணுமில்லீங்க, தம்பி?

பாத்துட்டே இருந்தேன். ஒரு தடவ கண்ணு சிமிட்டினா. பாவம், எவ்வளவு நேரந்தான் சிமிட்டாம இருப்பா. மூச்ச அடக்கிட்டு, எம்மக, எனக்கு முன்னாடி பொம்மையாட்டம் உக்காந்திருக்கறா. எத்தன வருசமா இப்படி உக்காந்திருக்கறாளோ, எந்த ஞாயித்துக்கிழமை நெசம், எந்த ஞாயித்துக்கிழமை பொய்யோ. "நெட்டு போச்சாட்டத் தெரியுது"ன்னு சத்தமாச் சொல்லிட்டு நானே கட் பண்ணினேன். கோவமுமில்ல, அழுகையுமில்ல. இல்ல, பொய்யெதுக்கு, அழுகைதான்.

ருக்குமணி பாத்துட்டுத்தான் இருந்தா. "உனக்குத் தெரியுமா அந்த விஷயம்?"னேன். தெரியும்னா. சொல்லுன்னேன். "நான் சொல்ல மாட்டேன். அவதான் உங்ககிட்டச் சொல்லோணும்னு இருக்கறா. நீங்க வாய மூடினாத்தான?"ன்னா. நான் என்னங்க பெரிசாப் பேசறேன்? நீங்களே இவ்வளவு நேரமா உக்காந்திருக்கறீங்க, சொல்லுங்க. சரி, சொல்ல வேண்டாம், முடிச்சுப்போடறேன்.

அந்த வாரம் பூரா யோசன பண்ணினேன். ஞாயித்துக்கிழமை மூணு புது டப்பாவையும் ஆஃப் பண்ணிட்டேன். பீரோவத் தெறந்து பழசெடுத்து, அரிசி ட்ரம்மு மேல வெச்சு, கிரைண்டர் பிளக்குல சொருகினேன். எம்மகளுக்குச் சாக்குத்தான வேணும், அது நெசமான சாக்காவே இருக்கட்டும். அவ மூச்ச அடக்கிட்டு உக்கார வேண்டாம்.

வந்தா. படம் வந்ததும் நின்னு போச்சு. வாயி பாதி தெறந்தாப்புலதான், ஆனா இந்தத் தடவ நெசமாலுமே நின்னு போச்சு, என்ற ஒட்டு அப்படி. குரல் மட்டும் தாமசமா வருது. நான் பேசினா அவ பேசறது மேல உழுந்து ரெண்டுமே நாசமாப் போயிருது. அதனால வாய மூடிட்டேன். வேற வழியில்ல. கட் பண்ணுவான்னு காத்துட்டிருந்தேன்.

"அப்பா? இருக்கீங்களா?"ன்னா.

"இருக்கறன் கண்ணு. படம் வரல. நீ பேசு, கேக்குது"ன்னேன்.

போன இன்னும் கிட்டக்க இழுத்து வெச்சேன். பொறகு சொன்னா. பேங்க் வேலைய உட்டுட்டாளாம். பொங்கலுக்கே உட்டாச்சாம். அவ சிநேகிதியோட சேந்து பொம்பளைங்களுக்கு நீச்சல் சொல்லிக் குடுக்கறாளாம். அம்பது வயசுக்காரிக, தண்ணியக் கண்டாலே நடுங்கறவங்க வர்றாங்களாம். "நீங்க கெணத்துல எனக்கு மெதக்கறதுக்குக் காஞ்ச சொரபுருடை கட்டி எறக்கி உட்டீங்களே, அப்படித்தான்ப்பா. கையப் புடிச்சுட்டே எறக்கி உடறேன். நல்லா இருக்கேன்ப்பா. நெசமாவே நல்லா இருக்கேன்"ன்னா.

நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சுங்க. பென்ஷன் என்னாச்சு, பரிச்ச என்னாச்சு, ஊருக்குள்ள எல்லார்கிட்டயும் ஆபீசர்னு சொல்லி வெச்சிருக்கறனே, எந்த மூஞ்சிய வெச்சுட்டு வெளிய போவேன். எல்லாம் வரிசையா நின்னுச்சு. ஆனா அவ குரல் வந்துட்டே இருக்குது, நான் பேசினா அது போயிரும். அது போயிரக் கூடாதுன்னு இருந்துச்சு. அவ பேசி முடிச்சு என்ற முறை வர்றதுக்குள்ள அதெல்லாம் எங்கயோ போயிருச்சு. "அங்க தண்ணி எவ்வளவு ஆழம் கண்ணு?"ன்னு கேட்டேன். சிரிச்சா. அந்தச் சிரிப்பு கேட்டு எத்தன நாளாச்சு தெரியுங்களா. பொழுது எறங்கற வரைக்கும் பேசினா. படம் கடைசி வரைக்கும் வரல. அவ கட் பண்ணவும் இல்ல.

அதனாலதான் சொல்றேன் தம்பி, புதுசெல்லாம் பேருக்குத்தான். அந்தப் பழைய டப்பாவோட தரம் இப்ப எங்க வருது? ஞாயித்துக்கிழமை சாயங்காலம் இந்த ஊட்டுல அதுதான் ஓடும். மத்த நாள்ல புதுசு. உங்களுக்கு ஒத்து வருமுன்னா பாஸ்வேர்டு சொல்றேன், எழுதிக்குங்க.

என்ன, வேண்டாமா? போன்லயே நெட்டு இருக்குதா? பின்ன எதுக்கு வந்தீங்க? சும்மா சொல்லுங்க தம்பி, நம்மூட்டுல என்ன தயக்கம். மழ வேற நல்லாப் புடிச்சிருச்சு, பாருங்க, வாசலெல்லாம் தண்ணியா ஓடுது. நடு வெயில்ல இதென்ன மழையோ.

என்னது? டேங்கா? மேல டேங்கு நெறஞ்சு வழியுதா? உங்க ரூமுக்குள்ள தண்ணி வருதா?

ருக்குமணி! அடியே, மோட்டார ஆஃப் பண்ணு!

ஏந்தம்பி, இத வந்ததும் வாயத் தெறந்து சொல்லறதுக்கென்ன?